முழங்கை வலிக்கு ஓய்வு மட்டும் போதாது

இயற்கை வேளாண்மைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நாம் மண்ணைப் பற்றிப் பேசுகிறோம், விதையைப் பற்றிப் பேசுகிறோம், மாட்டைப் பற்றிப் பேசுகிறோம். கையைப் பற்றிப் பேசுவதில்லை. ரசாயனத்தை நிறுத்திய நிலத்தில் அது செய்த வேலையில் பாதி நம் கைக்குத்தான் வந்து சேர்கிறது. களை எடுப்பது, ஜீவாமிர்தம் கலக்குவது, வடிகட்டுவது, குடம் குடமாகச் சுமப்பது, மூடாக்குக்குத் தழை வெட்டுவது எல்லாம் கை. ஆள் கிடைக்காத நாளில் எல்லாமே நம் ஒரு ஜோடிக் கை.

போன சம்பாவில் நண்பர் ஒருவர் போன் செய்தார். நாலு வருஷமாக நிலத்தில் ரசாயனம் தொடாதவர். "சார், இந்தத் தடவை களைக்கொல்லி அடிச்சிடலாம்னு பாக்குறேன். கைய மடக்கி ஒரு சொம்பு தண்ணி தூக்க முடியல. எப்படிக் களை எடுக்கிறது?" என்றார். பூச்சிக்கோ விளைச்சலுக்கோ பயந்து அவர் இந்த முடிவுக்கு வரவில்லை. முழங்கைக்கு வெளிப்புறம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் இருந்த வலி, நாலு வருஷ உழைப்பைக் கலைக்கப் பார்த்தது. இந்தக் கட்டுரையை எழுத அந்த போன்தான் காரணம்.

எனக்கும் இதே வலி வந்து போயிருக்கிறது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்று லால்குடிப் பக்கம் இரண்டரை ஏக்கரில் நெல்லும் வாழையும் வைத்த மூன்றாம் வருஷம், வலது முழங்கையில். எட்டு மாதம் இருந்தது. அரசு மருத்துவமனையில் ஒரு இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும், வயலில் செய்து பார்த்ததையும் இங்கே சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை. எந்த வலிக்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் தனியாகச் சொல்லியிருக்கிறேன், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வலி முழங்கையில், வேலை மணிக்கட்டில்

ஊரில் இதை வாயுப் பிடிப்பு என்பார்கள், மூட்டுத் தேய்மானம் என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. மூட்டு நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்.

முழங்கையின் வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள், ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகள் அந்த மேட்டில்தான் வேர் விட்டிருக்கின்றன. அங்கிருந்து முன்கை வழியாக ஓடிப் புறங்கை எலும்புகளில் போய் முடிகின்றன. அவற்றில் ஒன்று நடுவிரலுக்கு நேரான எலும்பில் முடிகிறது. அதிகம் பழுதாவது அதுதான்.

சரி, மண்வெட்டியைப் பிடிப்பது உள்ளங்கை. வலி ஏன் வெளிப்பக்கம் வருகிறது? இதை ஒரு நிமிஷத்தில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டைக் கீழ்நோக்கி நன்றாக மடக்கிக்கொண்டு, விரல்களை இறுக்கி முஷ்டி பிடியுங்கள். பிடிப்பில் வலுவே இருக்காது. இப்போது மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடியுங்கள், இரும்பாக இறுகும். ஒரு பொருளை நாம் இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு மடங்கிவிடாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது அந்த வெளிப்பக்கத் தசைகள்தான். நாள் முழுக்கக் களைக்கொத்து பிடித்தால் நாள் முழுக்க அவை இழுத்தபடி இருக்கின்றன. இது புரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. வலியின் எதிரி பாரம் என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய எதிரி இறுக்கிப் பிடிப்பது.

இந்த வலிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கையை முன்னால் நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி வையுங்கள். நடுவிரலை இன்னொருவர் கீழே அழுத்த, நீங்கள் விட்டுக்கொடுக்காமல் மேலே தூக்கப் பாருங்கள். எலும்பு மேட்டில் சுரீர் என்றால் பெரும்பாலும் இதுதான். முழங்கையின் உட்பக்க மேட்டில் வலி வருவதும் உண்டு. அது விரலையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகளின் நாண். அதற்குக் கீழே சொல்லும் பயிற்சியை உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பிச் செய்தால் போதும்.

டென்னிஸ் எல்போ என்று மருத்துவர் எழுதிக்கொடுத்ததும் "நமக்கும் டென்னிசுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிப்பவர்கள் உண்டு. 2004இல் சச்சின் டெண்டுல்கருக்கு வந்து, மறு வருஷம் லண்டனில் அறுவை சிகிச்சை வரை போனபோதுதான் அந்தப் பெயர் நம் டீக்கடைகளுக்கு வந்தது. ஆனால் 1873இல் ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை முதலில் பதிவு செய்தபோது, எழுதி எழுதிக் கை நொந்தவர்களின் வலியாகத்தான் எழுதினார். டென்னிஸ் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வங்கியில் லெட்ஜர் எழுதியும் முத்திரை குத்தியும் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்த எங்கள் தலைமுறைக் குமாஸ்தாக்கள் பலரை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

ஊசியும் ஓய்வும்

வந்ததும் நம்மில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே வயலில் இறங்குவது, இல்லாவிட்டால் கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டு இரண்டு மாதம் உட்காருவது.

ஊசியைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்த வலி உள்ள 198 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி. ஒரு பிரிவுக்கு இயன்முறை சிகிச்சையும் பயிற்சியும். மூன்றாவது பிரிவு, வலியைக் கூட்டும் வேலையை மட்டும் தவிர்த்துவிட்டுக் காத்திருந்தது. 2006இல் வெளியான முடிவு இது: ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் இருந்தார்கள். ஒரு வருஷ முடிவில் அவர்கள்தான் கடைசி. ஊசியால் குணமானவர்களில் பெரும்பாலோருக்கு வலி திரும்பிவிட்டது. பயிற்சி செய்தவர்களும் காத்திருந்தவர்களும் ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் பயிற்சி செய்தவர்கள் ஆறாவது வாரத்திலேயே காத்திருந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். மாதச் சம்பளக்காரர் ஒரு வருஷம் காத்திருக்கலாம். பயிர் காத்திருக்காது என்பதால் எனக்கு அந்த ஆறு வாரம் பெரிதாகத் தெரிகிறது.

சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசி சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். மருத்துவர் ஊசி என்று சொன்னால் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வலி மாத்திரைகளிலும் நிதானம் வேண்டும். டைக்ளோபினாக் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கி விழுங்கிவிட்டு, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாட்டுக்குப் போட்ட இதே மருந்துதான் செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதனால் 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். நமக்குத் தடை இல்லை, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடலாம். அதற்குமேல் வேண்டாம்.

முழு ஓய்வும் சரியான வழி இல்லை. நாண் என்பது இழுக்கப்படுவதற்காகவே உள்ள நார். இழுவையே இல்லாவிட்டால் அது இன்னும் நலிந்துபோகும். கூடவே தோள் இறுகும். அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சும்மா இருக்கும் தசை சீக்கிரம் கரையும், திரும்பி வர நாளாகும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் அப்படியே பூட்டிக்கொள்வதும் நடக்கும். முழங்கைக்காகக் கையைக் கட்டித் தொங்கவிட்டு, கடைசியில் சட்டை போட இன்னொருவர் உதவி தேவைப்படும் நிலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் தேய்ப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. வெதுவெதுப்பான எண்ணெயை முன்கைத் தசையில் தடவினால் இதமாக இருக்கும். ஆனால் அந்த எலும்பு மேட்டிலேயே கட்டைவிரலை வைத்து 'நரம்பு எடுக்கிறேன்' என்று அழுத்துகிறவர்களிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

நாணுக்கான பயிற்சி

முதல் இரண்டு வாரம் அசைவில்லாத பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து முன்கையைத் தொடைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு முழங்காலுக்கு வெளியே இருக்கட்டும். மறு கையைப் புறங்கைமேல் வைத்து அழுத்துங்கள். அடியில் உள்ள கை மேலே தள்ளட்டும். இரண்டும் சமமாக இருப்பதால் எதுவும் அசையாது. முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி, ஐந்து தடவை, இடையில் ஒரு நிமிஷ இளைப்பாறல். காலை ஒன்று, மாலை ஒன்று. பலருக்கு இதைச் செய்து முடித்ததுமே வலி கொஞ்சம் அடங்கும். களை எடுக்கப் போகுமுன் நான் இதைச் செய்துவிட்டுத்தான் போவேன்.

அடுத்தது பாரம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறைய இருந்தால் அரை கிலோ. அதே மாதிரி உட்கார்ந்து பாட்டிலைப் பிடித்து, மறு கையால் உதவி செய்து மணிக்கட்டை மேலே கொண்டுபோங்கள். மேலே போனதும் உதவிக் கையை எடுத்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணியபடி மெதுவாக இறக்குங்கள். இறக்குவதில்தான் பலன். பதினைந்து தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமாகிவிட்டால் அதே பாட்டிலில் தண்ணீருக்குப் பதில் உலர்ந்த மணல் நிரப்புங்கள், முக்கால் கிலோவைத் தாண்டும். அதன்பிறகு ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் போகலாம். முழங்கையை மடக்கி வைத்துத் தொடங்கி, வாரங்கள் போகப்போக நீட்டி வைத்துச் செய்யுங்கள். வயலில் நம் கை நீண்டுதானே வேலை செய்கிறது.

சுத்தியல் பயிற்சியும் நல்லது. சுத்தியலின் காம்பு நுனியைப் பிடித்து, தலைப் பகுதி மேலே நிற்க, மெதுவாக உள்பக்கம் சாய்த்து, திரும்ப நிறுத்தி, வெளிப்பக்கம் சாய்ப்பது. பாரம் அதிகமாகத் தெரிந்தால் காம்பில் பிடியை மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்றால் ஒருநாளும் தொடங்க முடியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு இது: பத்துக்கு மூன்று, நாலு மதிப்பெண் அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலை அந்த வலி நேற்றைய காலை அளவுக்கே திரும்பியிருக்க வேண்டும். கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், பாரத்தைக் குறைக்க வேண்டும். இதைச் சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். வங்கிக்காரன் புத்தி என்று என் மனைவி கேலி செய்வார். ஆனால் இந்த வலி ஏறி இறங்கித்தான் குறையும். நோட்டு இல்லாவிட்டால் இறங்கிக்கொண்டிருப்பதே நமக்குத் தெரியாது.

பிடிக்காமல் உடம்பைக் காப்பது

முழங்கை ஆறும்வரை தோளும் முதுகும் மார்பும் சும்மா இருக்கக் கூடாது. தோள் வலுவாக இருந்தால் மண்வெட்டியின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். தோள் சோர்ந்தால் எல்லாம் மணிக்கட்டுக்கு வரும். கேள்வி என்னவென்றால், எதையும் இறுக்கிப் பிடிக்காமல் மேல் உடம்புக்கு எப்படி வேலை கொடுப்பது.

பழைய சைக்கிள் டியூப் ஒன்று போதும். தென்னை மரத்தைச் சுற்றி நெஞ்சு உயரத்தில் போட்டு, இரண்டு முனையிலும் வளையம் கட்டுங்கள். அந்த வளையத்தைக் கையால் பிடிக்காமல் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையில் மாட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மேலே பார்க்கட்டும். முழங்கைகளை விலாவை ஒட்டிப் பின்னால் இழுத்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் நெருங்கும்போது மூன்று எண்ணி, மெல்ல விடுங்கள். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. டியூபில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

தரையில் தண்டால் எடுப்பவர்கள் கொஞ்ச காலம் அதைச் சுவருக்கு மாற்றுங்கள். உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டு பின்னால் மடங்கி வலிக்கும். முன்கைகளையே சுவரில் பதித்து, இரண்டடி தள்ளி நின்று, உடம்பை நேராக வைத்துச் சுவரைத் தள்ளி நில்லுங்கள். இருபது விநாடியில் தொடங்கி ஒரு நிமிஷம் வரை.

தோளுக்கு, ஒரு கிலோ மணலைப் பழைய கால்சட்டைக் காலில் போட்டு இரு முனையும் தைத்து, முழங்கைக்கு மேலே புஜத்தில் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள். கையைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்கலாம், முன்பக்கமும் தூக்கலாம். விரல்கள் தளர்ந்தே இருக்கும். வாரத்துக்கு மூன்று நாள் இவை போதும். களை எடுக்கும் பருவத்தில் இரண்டு நாளே போதும், வயலே மீதியைக் கொடுத்துவிடும்.

கருவிகளை மாற்றுவது

பயிற்சி ஒரு மணி நேரம், கருவி எட்டு மணி நேரம். அதனால் இதைப் பயிற்சிக்குச் சமமாகவே நினைக்கிறேன்.

மெல்லிய காம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டும், பருத்த காம்பைத் தளரப் பிடிக்கலாம். உங்கள் கைக்கு எது அளவு? உள்ளங்கையின் நடு ரேகையிலிருந்து மோதிர விரல் நுனி வரை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். காம்பின் சுற்றளவு அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். டென்னிஸ் மட்டைக்கு வைத்திருக்கும் கணக்கு இது, களைக்கொத்துக்கும் பொருந்துகிறது. நம்மூர்க் களைக்கொத்து, கருக்கரிவாள் காம்புகள் பெரும்பாலும் இதற்குக் குறைவு. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றினால் பருமனும் வரும், ஈரக் கையில் வழுக்கவும் வழுக்காது. வாளியின் கம்பிப் பிடிக்கும் இதையே செய்யுங்கள்.

சாணை பிடிக்காத அரிவாள் முழங்கைக்கு எமன். மழுங்கின கருவிக்கு இரண்டு மடங்கு இறுக்கிப் பிடிக்கிறோம்.

தூக்கும்போது உள்ளங்கை கீழே பார்த்தால் பாரம் முழுக்க அந்த நாணில். உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கை மடங்கி உடம்பை ஒட்டியிருந்தால் புஜத் தசை வாங்கிக்கொள்ளும். குடத்தை இடுப்பில் வைக்கும் நம் பெண்கள் இதை யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். ஜீவாமிர்தத்தை முழு வாளியாக ஒரு தடவை தூக்குவதைவிட அரை வாளியாக இரண்டு தடவை நடப்பது மேல். 200 லிட்டர் பீப்பாயைக் கலக்க நீளமான தடித்த கம்பை இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றாமல் இடுப்பைத் திருப்பிக் கலக்குங்கள். பதினாறு லிட்டர் கைத்தெளிப்பானில் ஒரு கை ஓயாமல் அடிக்கிறது. வலி உள்ளவர்கள் பக்கத்தில் பேட்டரி தெளிப்பான் இருந்தால் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

களைக்கு, வரிசை நடவு செய்தவர்களுக்குக் கோனோவீடர் உண்டு. அதையும் இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ள வேண்டும். என் நண்பர் கடைசியில் செய்தது, வாடகைக்கு ஒரு கோனோவீடரும், வரிசைக்கு நடுவே விட்டுப்போன களைக்கு இரண்டு ஆளும். செலவு கூடத்தான் ஆனது, அவருக்கு அதில் வருத்தமும் உண்டு. களைக்கொல்லி அடிக்கவில்லை. எங்கள் ஊரில் களைக்கு வரும் ஒரு அம்மா அரை மணிக்கு ஒருதரம் கொத்தைக் கை மாற்றிக்கொள்வார். கேட்டதற்கு, "ஒரே கையில வெட்டுனா ராத்திரி தூங்க முடியாதுங்கய்யா" என்றார். இடது கைக்குப் பழக ஒரு மாதம் ஆகும், பழகிவிடும்.

முன்கையில் மாட்டும் பட்டை மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதை வலிக்கும் மேட்டின்மேல் கட்டக் கூடாது. மேட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே, தசையின்மேல் கட்ட வேண்டும். வேலை நேரத்தில் மட்டும் போதும்.

எப்போது மருத்துவரிடம்?

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், கழுத்திலிருந்து வலி கையில் இறங்கினால், அது நரம்பு சம்பந்தப்பட்டது. விழுந்தபிறகு கையை நீட்ட முடியாமல் போனாலோ, முழங்கை வீங்கிச் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள். இடது கை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் முழங்கையைத் தடவிக்கொண்டு உட்காராதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். இவை எதுவும் இல்லாமல், ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் நோட்டில் இறக்கமே தெரியவில்லை என்றாலும் காட்ட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கும். வெளியே போக முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நாண் திருந்தப் பன்னிரண்டு வாரமாவது பிடிக்கும். சம்பாவுக்கு முதல் களை புரட்டாசிக் கடைசியில் வரும் என்று வைத்துக்கொண்டால், ஆனி முடிவதற்குள் பாட்டிலைக் கையில் எடுத்துவிட வேண்டும். வலி இப்போது லேசாகத்தானே இருக்கிறது என்று ஆடிப்பெருக்கு வரை தள்ளினால் நடவும் பயிற்சியும் ஒன்றாக வந்து விழும். காம்புக்கு டியூப் சுற்றுவதற்கு மட்டும் நாள் பார்க்க வேண்டாம், இன்றைக்குச் சாயங்காலமே செய்யலாம்.